ஆறாம் பாடத்தின் கருப்பு வயர்

1

நான் கனடாவுக்கு வந்து பதினான்கு வருடம் முடிந்தது ஒரு புதன்கிழமை. எங்கள் வீட்டில் இதற்கெல்லாம் கேக் வெட்டும் வழக்கமில்லை. அன்றைக்குச் சாம்பாரில் முருங்கைக்காய் போடுவேன், அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் இருக்கும் அக்காவுக்கு போன் செய்வேன், அவ்வளவுதான். இந்த வருடம் இரண்டும் நடக்கவில்லை.

மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு கல்லூரியில் வீட்டு மின்பணி சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் சேகர் என்று ஒருவர். நாற்பது வயது. சென்னைப் பாடியில் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். மனைவிக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்ததால் கூட வந்துவிட்டார். அவருடைய பன்னிரண்டு வருடத்தை இந்த நாட்டில் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பதினெட்டு வயசுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஸ்க்ரூடிரைவரைப் பிடிக்கும் முறையிலிருந்து மறுபடி படிக்கிறார்.

அன்று பயிற்சிப் பலகையில் ஒரு சுவிட்ச் மாட்டச் சொல்லியிருந்தேன். நான் திரும்பிப் பார்த்தபோது, அவர் வெள்ளை வயரைப் பத்திரமாக டேப் சுற்றி ஒதுக்கிவிட்டு, தோல் உரித்த கருப்பு வயரை வெறும் விரலால் முறுக்கிக்கொண்டிருந்தார். இங்கே கரெண்ட் வருவது கருப்பில். வெள்ளை நியூட்ரல், கரெண்ட் திரும்பிப் போகும் வழி. மெயினை நான் ஏற்கெனவே பூட்டி வைத்திருந்தேன், ஆபத்து ஒன்றுமில்லை. ஆனாலும் வாய் முந்திக்கொண்டது. சேகர், கையை எடுங்கள் என்று தமிழிலேயே கத்திவிட்டேன். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அவருக்கு முகம் சிறுத்துவிட்டது. "நம்மூர்ல கருப்பு நியூட்ரல் தான மேடம். பன்னெண்டு வருசமா கை பயகிப் போச்சி" என்றார்.

ஊர்ப் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வர வேண்டும், இல்லாவிட்டால் ஒருநாள் உயிர் போகும் என்று ஒரு பிரசங்கம் செய்தேன். நன்றாகவே செய்தேன். அவர் தலையாட்டினார். அடுத்த மேசைக்குப் போக நாலு அடி எடுத்து வைத்திருப்பேன். ஆறாம் பாடத்தில் நான் எந்த வயரை வரைந்தேன்?

2

ஆறாம் பாடம் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும்.

திறந்தநிலைப் பாடநூல் என்று ஒரு வகை உண்டு. ஆசிரியர்கள் சேர்ந்து எழுதி இணையத்தில் போட்டுவிடுவார்கள். காசு கிடையாது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், அச்சடிக்கலாம், தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். முதலில் எழுதியவர் பெயரையும், என்னென்ன மாற்றினோம் என்பதையும் சொல்லிவிட்டால் போதும். எங்கள் கல்லூரியில் மின்பணிக்கு அப்படி ஒரு புத்தகம் இருக்கிறது. அதில் இரண்டு பாடம் என்னுடையது.

ஆவடிக்கு அப்பால் ஒரு தனியார் கல்லூரியில் என் சிநேகிதி தேவகி வேலை பார்க்கிறாள். அவளும் நானும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். அவள் பத்து வருடமாக ஒப்பந்த விரிவுரையாளர். ஒவ்வொரு ஜூன் மாதமும் வேலை இருக்கிறதா இல்லையா என்று ஆபீஸ் ரூம் வாசலில் நின்று தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமை. அங்கே பாடப்புத்தகம் என்று வைத்திருந்தது கடினமான ஆங்கிலம், விலையும் அதிகம். பிள்ளைகள் வாங்க மாட்டார்கள். ஒருவர் வாங்கினால் மற்றவர்கள் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்வார்கள். எங்கள் புத்தகத்தைத் தமிழில் கொண்டுவரலாமா என்று அவள் கேட்டபோது, கரும்பு தின்னக் கூலியா என்று குதித்தேன்.

போன வருடம் விடுமுறைக்கு ஊருக்குப் போன ஆறு வாரமும் அதே வேலைதான். காலையில் அம்பத்தூரிலிருந்து ரயில் ஏறி ஆவடியில் இறங்குவேன். கோவில்பதாகையில் அவள் வீட்டு மாடி. அவள் மாமனார் பயிர் வைத்த நிலமெல்லாம் பிளாட்டாகிப் போன பிறகு, மிச்சமிருந்த ஒரு துண்டில் கட்டிய வீடு. இரண்டு லேப்டாப், ஒரு டேபிள் ஃபேன். பனி அள்ளும் இயந்திரத்தை எடுத்துவிட்டு வெட் கிரைண்டரைப் போட்டோம். துணி உலர்த்தும் இயந்திரம் போய் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் வந்தது. நூற்றிருபது வோல்ட் எல்லாம் இருநூற்று முப்பது ஆனது.

எனக்குத் தமிழும் கொஞ்சம் துருப்பிடித்திருந்தது. இங்கே கரெண்ட் வரும் வயரை ஹாட் வயர் என்பார்கள். நான் முதல் நாள் உற்சாகத்தில் புத்தகம் முழுக்க "சூடான வயர்" என்று எழுதி வைத்திருந்தேன். தேவகி படித்துவிட்டு லேப்டாப்பைத் தள்ளி வைத்தாள். "இன்னாடி இது, வயரு இன்னா இட்லியா, சூடா கீறதுக்கு?" என்றாள். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து அன்று வேலையே ஓடவில்லை. பிறகு ஒவ்வொரு இடமாகத் தேடி "கரெண்ட் வரும் வயர்" என்று மாற்றினோம்.

முதல் ஐந்து பாடம் அந்த மாடியில் முடிந்தது. வயர் நிறங்களுக்கான அட்டவணை இரண்டாம் பாடத்தில் வருகிறது. அதைத் தேவகி பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்தாள். சிவப்பு கரெண்ட், கருப்பு நியூட்ரல், பச்சை எர்த். மிச்ச மூன்று பாடங்களை நான் திரும்பி வந்து தனியாக முடித்தேன். அவளுக்கு விடைத்தாள் திருத்தும் வேலை வந்துவிட்டது. ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு நல்லாருக்கு என்று செய்தி அனுப்பினாள். இந்த ஜூன் மாதம் புத்தகம் இணையத்தில் ஏறியது. ஆவடி ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்ட முதல் பிரதியைப் படமெடுத்து அனுப்பினாள். நான் அதை இங்கே ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் காட்டினேன்.

3

வகுப்பு முடிந்து வீட்டுக்கு வர இருபது நிமிடம். சிவப்பு விளக்கில் நின்றபோது போனில் பார்த்துவிடலாமா என்று கை போனது. பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது என்பதுதான் உண்மை.

காலணியைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தேன். ஆறாம் பாடம், ஒரு சுவிட்ச், ஒரு பல்பு. நானே வரைந்த படம். கருப்புக் கோடு சுவிட்ச்சுக்குப் போகிறது. சிவப்புக் கோடு நேராக பல்பு ஹோல்டருக்குப் போகிறது. கீழே மூன்றாம் படி: கரெண்ட் வரும் கருப்பு வயரை சுவிட்ச்சில் இணைக்கவும்.

எப்படி நடந்தது என்று பார்த்த அந்த நொடியே புரிந்துவிட்டது. மூலப் படத்தில் கருப்பும் வெள்ளையும் இருந்தன. வெள்ளை வயர் நம் ஊரில் புழக்கத்தில் இல்லை என்பது எனக்கு நினைவிருந்தது. அதனால் வெள்ளையைச் சிவப்பாக்கினேன். கருப்பைப் பார்த்தபோது, இது நம் ஊரிலும் இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டேன். அந்நியமாகத் தெரிந்ததை எல்லாம் தேடித்தேடி மாற்றியவள், தெரிந்த முகமாக இருந்ததை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ஏழாம் படி இருக்கிறது. மூலத்தில் மேசையின் பிரேக்கரை அணைத்துவிட்டு ஹோல்டரைத் தொடச் சொல்லியிருக்கும். தேவகியின் ஆய்வுக்கூடத்தில் மேசைக்கு மேசை பிரேக்கர் கிடையாது. சுவரில் ஒரே மெயின், அதை இறக்கினால் எட்டு மேசையும் அணைந்துவிடும். அதனால் அவள் கேட்டுக்கொண்டபடி அந்த வரியை மாற்றியிருந்தேன்: சுவிட்ச்சை அணைத்து, பல்பைக் கழற்றி, ஹோல்டரின் முனைகளைச் சரிபார்க்கவும்.

படத்தில் உள்ளபடி நம் ஊரில் இணைத்தால் சுவிட்ச் நியூட்ரலில் உட்காரும். அணைத்தால் பல்பு அணையும். ஆனால் சிவப்பு வழியாக ஹோல்டருக்குக் கரெண்ட் வந்துகொண்டே இருக்கும். விளக்கு அணைந்திருக்கிறது என்ற தைரியத்தில் பிள்ளைகள் விரலை வைப்பார்கள். வைக்கச் சொல்லி நான் எழுதியிருக்கிறேன்.

என் மகள் மாயா பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ கொறித்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வயது. தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. இங்கே பள்ளியில் மரவேலை, மின்வேலை எல்லாம் கற்றுக்கொடுக்கிறார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். படத்தைத் திருப்பிக் காட்டினேன்.

"கருப்பு சுவிட்ச்சுக்குப் போகுது. கரெக்டாதானேம்மா இருக்கு?" என்றாள்.

அவளுக்கு அது சரி. அவளுக்கு ஒரே ஊர்தான். நானும் இந்த மூன்று மாதமாக இதே படத்தை அவள் கண்ணால்தான் பார்த்திருக்கிறேன். கள்ளிக்குப்பத்துப் பெண் என்று வாய்கிழியச் சொல்லிக்கொள்கிறவள்.

4

மணி மாலை ஆறேகால். எங்களுக்கும் சென்னைக்கும் பன்னிரண்டரை மணி நேரம். அங்கே வியாழன் காலை ஆறே முக்கால். தேவகி பருவம் தொடங்கியபோது அனுப்பியிருந்த ஆய்வுக்கூட அட்டவணையைத் தேடி எடுத்தேன். இந்த வாரம் வியாழக்கிழமை, காலை ஒன்பதரை, இரண்டாம் பிரிவு, பயிற்சி ஆறு.

இணையத்தில் இருந்ததை உடனே திருத்தினேன். படத்தில் இரண்டு கோடு, மூன்றாம் படியில் ஒரு சொல், ஏழாம் படியில் ஒரு வரி. நாலு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் ஆவடியில் யாரும் இணையத்தில் படிக்கவில்லை. ஸ்பைரல் போட்ட காகிதத்தை மேசையில் விரித்து வைத்துப் படிக்கிறார்கள். அந்தக் காகிதத்தை என்னால் இங்கிருந்து தொட முடியாது.

தேவகிக்கு போன் போட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி. மறுபடி. செய்தி அனுப்பினேன், ஒரு டிக்கோடு நின்றது. கல்லூரி நாட்களிலிருந்தே அவளுக்கு போனை சைலன்ட்டில் போட்டு எங்காவது வைத்துவிடும் குணம். அவள் கணவரின் போனும் அணைந்திருந்தது. கல்லூரி எண்ணுக்கு அடித்தேன். அலுவலக நேரத்தில் அழைக்கும்படி ஒரு பதிவுக்குரல் மூன்று மொழியில் சொன்னது.

ஏழேமுக்கால் மணிக்கு, அதாவது எனக்கு ஏழேகாலுக்கு, அவளே அழைத்தாள். பஸ் இரைச்சல் கேட்டது. "இன்னாடி, பதினேழு மிஸ்டு கால். யார்க்கு இன்னா?" என்றாள்.

சொன்னேன். அவள் முதலில் நம்பவில்லை. நிறமெல்லாம் இரண்டாம் பாடத்தில் நான் பார்த்தேனே என்றாள். ஆறாம் பாடத்தின் படத்தைப் பாரு என்றேன். அவள் பையிலேயே பிரதி இருந்தது. தாளைப் புரட்டும் சத்தம். கண்டக்டர் யாரையோ உள்ளே போகச் சொல்லும் குரல் மட்டும் கேட்டது.

"வாணி, நான் இன்னிக்கி லேப்ல இல்லடி" என்றாள்.

அவளுக்குப் பூந்தமல்லியில் வேறொரு கல்லூரியில் தேர்வுக் கண்காணிப்புப் பணி போட்டிருக்கிறார்கள். போய்ச் சேர்ந்ததும் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். பயிற்சியை ஆய்வுக்கூட உதவியாளர் அருணகிரி பார்த்துக்கொள்வார். அருணகிரி நல்ல மனிதர், ஐம்பது வயதுக்காரர், ஆனால் புத்தகத்திலிருந்து ஒரு வரி பிசகினால்கூட ஒப்புக்கொள்ளாதவர். பிள்ளைகளிடம் வேறு புத்தகம் பார்க்காதே, இதில் உள்ளபடி போடு என்று கறாராகச் சொல்லி வைத்திருந்தது தேவகியேதான்.

என்னை இணைப்பில் நிறுத்தி வைத்துவிட்டு அருணகிரிக்கு அவள் போன் செய்தாள். வண்டியில் வந்துகொண்டிருப்பார், எடுக்கவில்லை. துறைத்தலைவர் எடுத்தார். பாதி கேட்டுவிட்டு, தான் ஒரு கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருப்பதாகவும் மெயில் போடும்படியும் சொல்லி வைத்துவிட்டார். தேர்வுப் பணிக்குப் போகாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். மெமோ கொடுப்பார்கள், ஒப்பந்தக்காரிக்கு மெமோ என்றால் அடுத்த ஜூன் மாதத்துக்கு வேறு காரணம் தேவையில்லை என்றாள். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

நான் போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. அவள் வேலையை நான் பணயம் வைக்க முடியாது என்று ஒரு பக்கம், யாராவது செத்துப்போனால் என்று இன்னொரு பக்கம்.

"பருத்திப்பட்டு வருது. எறங்கிக்கிறேன். ஷேர் ஆட்டோ கெடச்சா டைமுக்குப் போயிடலாம்" என்றாள். இணைப்பு அறுந்தது.

5

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு மேல் போன் வரவில்லை. அழைத்தால் எடுக்கவில்லை. பருத்திப்பட்டிலிருந்து கல்லூரிக்கு அவ்வளவு தூரமில்லை. ஆனால் காலை நேரத்தில் ஆவடி செக்போஸ்ட் பக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். பதினான்கு வருடத்துக்கு முந்தைய ஆவடி அது.

மாயாவுக்குத் தோசை ஊற்றினேன். ஒன்று கருகியது. அவள் கருகியதைத் தன் தட்டில் எடுத்துக்கொண்டாள். அவள் அப்பா வாரநாட்களில் வேறு ஊரில் வேலை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். யாராவது செத்துவிடுவார்களா என்று கேட்டாள். தெரியாது என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

அடுப்பு முன்னால் நின்றபடி என் பழைய வேலையை நினைத்துக்கொண்டேன். கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பேனல் போர்டு பட்டறையில் இருந்தேன். இருபது பெண்கள், நீளமான மேசை. சிவப்பு, மஞ்சள், நீலம், கருப்பு என்று வயர்களை வெட்டி, முனையில் எண் மாட்டி, கட்டுக்கட்டாக உள்ளே விடுவோம். பேச்சு ஒரு பக்கம் ஓடும், கை தானாக எடுக்கும். எந்தக் கை எந்த நிறத்தைத் தேடுகிறது என்று பார்க்கவே தேவையில்லை. பட்டறைக்காரர் ஒருமுறை பந்தயம் கட்டி என் கண்ணைத் துணியால் கட்டிவிட்டு ஒரு போர்டை முடிக்கச் சொன்னார். வரிசையாக அடுக்கித் தந்தால் போதும், முடித்துக் காட்டினேன்.

அந்தக் கைக்கு என்ன ஆயிற்று? யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை. இங்கே முதல் வருடம் இரண்டு முறை தவறாகத் தொட்டேன், இரண்டு முறையும் மேற்பார்வையாளர் எச்சரிக்கை எழுதிக்கொடுத்தார். வேலை போய்விடும் என்று பயந்து, ராத்திரி பகலாக மனசுக்குள் கருப்பு லைவ், வெள்ளை நியூட்ரல் என்று சொல்லிச் சொல்லி மாற்றிக்கொண்டேன். நானேதான் மாற்றினேன். அது இவ்வளவு சுத்தமாக மாறிப்போகும் என்று நினைக்கவில்லை. பேச்சு மாறுவதையும், பிள்ளை மாறுவதையும் பார்த்துப் புலம்பத் தெரிந்த எனக்கு இது கண்ணில் படவே இல்லை. சேகரிடம் பிரசங்கம் செய்தேனே, அவர் கைதான் இன்னும் ஊரில் இருக்கிறது. ஆவடிக்குப் புத்தகம் எழுத வேண்டியவர் அவர்.

ஒன்பது மணி ஆனது. அங்கே ஒன்பதரை. மாயா பாத்திரத்தைக் கழுவிவிட்டுப் படிக்கப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

6

ஒன்பதே முக்காலுக்கு அழைப்பு வந்தது.

"ஒண்ணும் ஆவல. எல்லாம் நல்லா கீறாங்க" என்றாள் தேவகி. அவளுக்கு மூச்சு வாங்கியது. நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். மாயா பயந்துபோய் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அருணகிரி அன்றைக்குப் பார்த்து வகுப்பைக் கால்மணி நேரம் முன்னதாகவே தொடங்கியிருக்கிறார். செக்போஸ்ட் நெரிசலில் ஷேர் ஆட்டோ ஊர்ந்து ஊர்ந்து வந்து தேவகி உள்ளே ஓடியபோது மூன்று மேசையில் பல்பு எரிந்துகொண்டிருந்ததாம். ஒரு பையன் அப்போதுதான் சுவிட்ச்சை அணைத்துவிட்டுப் பல்பின் சூடு ஆறட்டும் என்று கழற்றாமல் காத்திருந்திருக்கிறான். யாரையும் எதுவும் கேட்காமல் அவள் நேராகச் சுவருக்குப் போய் மெயினை இறக்கியிருக்கிறாள். மின்விசிறியும் நின்றுவிட்டது. அருணகிரி என்ன மேடம் என்று கேட்டதற்கு, யாரும் எதையும் தொடாதீர்கள், புத்தகத்தில் தப்பு என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

பிறகு எல்லாப் பிரதியையும் வாங்கி, ஆறாம் பாடத்தின் மேல் பேனாவால் பெரிதாக அடித்தாளாம். அந்த இடத்தில் எனக்கு ஓரளவு மூச்சு வந்தது. உடனே இன்னொன்று தோன்றியது. இது இரண்டாம் பிரிவு. முதல் பிரிவு இதைச் செய்துவிட்டதா?

போன வாரமே முடித்துவிட்டார்கள், அன்றைக்கு நானும் இருந்தேன், மேசை மேசையாகப் பார்த்தது அருணகிரி, யாருக்கும் ஒன்றும் ஆனதாகத் தெரியவில்லை, நாளைக்கு எல்லோரையும் கேட்கிறேன் என்றாள்.

7

அடுத்த இரண்டு வாரம் காகிதத்தில் போனது.

எங்கள் கல்லூரியில் பிழை அறிக்கைக்கு ஒரு படிவம் உண்டு. திருத்தத்தின் அளவு என்று ஒரு கட்டம். சொல்லை, படத்தை மாற்றினால் அது "சிறிய திருத்தம்" வகை. பாடத்தையே சேர்த்தால், நீக்கினால் மட்டுமே "பெரிய திருத்தம்". ஒரு கோட்டின் நிறத்தைத்தானே மாற்றினீர்கள், அப்படியானால் சிறியதுதான் என்று அந்த அலுவலகப் பெண் அன்பாகச் சொன்னாள். சிறியது என்று குறித்துக் கையெழுத்துப் போட்டேன். கீழே இருந்த இடத்தில் உயிராபத்து என்று எழுதினேன். அதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

தேவகிக்கு மெமோ வந்தது. விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதில் முழு உண்மையையும் எழுத வேண்டாம், உடம்பு சரியில்லை என்று போடச் சொல்லித் துறைத்தலைவரே யோசனை சொன்னாராம். உண்மையை எழுதினால் இலவசப் புத்தகம் என்றாலே இப்படித்தான் என்று பழைய புத்தகத்தையே திரும்பக் கொண்டுவந்துவிடுவார்கள் என்பது அவர் கவலை. இவள் உண்மையைத்தான் எழுதினாள். என்ன முடிவு என்று இதுவரை தெரியவில்லை. நான் தனியாக முதல்வருக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை.

ஜெராக்ஸ் கடைக்கும் அவளே போனாள். கடைக்காரர் கம்ப்யூட்டரில் பழைய கோப்புதான் இருந்தது. புதுசை அனுப்பியும் அவர் பழசையே அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இதுவும் அதுவும் ஒண்ணுதான மேடம், அட்டைகூட மாறல என்றாராம். பக்கத்தில் நின்று அழிக்க வைத்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

முதல் பிரிவில் எல்லோரையும் கேட்டதில், மற்றவர்கள் பல்பு எரிந்ததோடு நிறுத்திக்கொண்டு ஏழாம் படியைச் செய்யாமலே விட்டிருந்தார்கள். ரேவதி என்ற பெண் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். பாடியிலிருந்து வருகிறவள். தேவகி தனியாகக் கூப்பிட்டு விசாரித்துவிட்டு, நான் கேட்டுக்கொண்டதால் ஒரு மதியம் அவளை வீடியோ அழைப்பில் உட்கார வைத்தாள். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலை, நெற்றியில் சின்னப் பொட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். உட்காரம்மா என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அவள் அப்பா வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர். விடுமுறையில் அவரோடு போய் வேலை பழகியிருக்கிறாள். அன்று பயிற்சியில் சிவப்பு வயரைத்தான் சுவிட்ச்சுக்குக் கொடுத்திருக்கிறாள். அருணகிரி வந்து புத்தகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, தப்பு, படத்தில் உள்ளபடி போடு என்றிருக்கிறார். ஸ்க்ரூவைத் தளர்த்தி, கழற்றி, மாற்றிப் போட்டிருக்கிறாள். பல்பு எரிந்தது. அணைத்தாள். கழற்றினாள். விரலை வைத்தாள்.

கையைக் கேமராவுக்கு முன்னால் காட்டினாள். ஆள்காட்டி விரல் நுனியில் அரிசி அளவுக்குக் கருத்த தழும்பு. தோள் வரைக்கும் இழுத்ததாகவும், காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் தப்பித்ததாகவும் சொன்னாள். யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் சொன்னால் காலேஜே வேண்டாம் என்பார்.

சார் கிட்டயாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

"புக்ல அப்டி தான் போட்டிருந்திச்சி மேடம். நான் தான் எங்கியோ தப்பா டைட் பண்ணிட்டேன்னு நெனச்சேன்" என்றாள்.

வேலை தெரிந்த பெண். கையில் சரியான வயரைப் பிடித்திருந்தவள். நான் எழுதியதை நம்பி அதைக் கழற்றிப் போட்டிருக்கிறாள். மன்னித்துவிடு என்றேன். தப்பு முழுக்க என்னுடையது, நீ முதலில் போட்டதுதான் சரி என்றேன். பெரியவர்கள் மன்னிப்புக் கேட்டால் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தேவகியைப் பார்த்தாள். பரவால்ல மேடம் என்றாள்.

பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு பையிலிருந்து ரெக்கார்டு நோட்டை எடுத்துப் பிரித்தாள். பென்சிலும் ஸ்கேலும் வைத்து அழகாக வரைந்த படம். சிவப்புக் கோடு சுவிட்ச்சுக்குப் போகிறது. அதன் மேல் மூலைக்கு மூலை அருணகிரியின் இன்ட்டுக் குறி, பக்கத்தில் "படம் தவறு, மீண்டும் வரைக" என்று எழுத்து.

என் படத்தை எடுத்துவிட்டு இதைப் புத்தகத்தில் போடட்டுமா, கீழே உன் பெயர் போடுகிறேன் என்று கேட்டேன். அவள் நோட்டைக் கேமராவுக்கு இன்னும் கிட்டத்தில் கொண்டுவந்து, அந்த இன்ட்டுக் குறியின் மேல் விரலை வைத்தாள். தழும்பு விழுந்த விரல்.

"இத்த அடிச்சிட்டு டிக் போட சொல்லுங்க மேடம். இன்டர்னல் மார்க்கு போயிடும்" என்றாள்.